ஏரிக்கு மேலே நாலு வெளிச்சம்

ஏழு வருடமாக வேரோனிக்காவுக்கு மற்றவர்களுடைய வாயாக இருக்கிறதுதான் வேலை. ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கை வைத்த தமிழர்களை விசாரிக்கும்போது பக்கத்துக் கதிரையில் இருந்து, அவர்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் அதிகாரி கேட்பதைத் தமிழிலும் சொல்லவேண்டும். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. 'தன்னை அடித்ததாக இவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'என்னை அடித்தார்கள்' என்றுதான் சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் வேரோனிக்கா எத்தனையோ தரம் கைதாகியிருக்கிறாள், கணவர்மார் பலரைப் பறிகொடுத்திருக்கிறாள், பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே புதைத்தும் இருக்கிறாள். உண்மையில் அவளுக்குக் கலியாணமே ஆகவில்லை.

குருநகரில் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். எண்பத்தேழு கடைசியில் கனடாவுக்கு வந்து, இரண்டு வருடம் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தாள். பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. முதல் வருடம் ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். இரண்டாம் வருடம் அழுகை குறைந்தது. இப்போது ஐம்பத்திரண்டு வயதில், ஒரு தாயின் கதை முழுவதையும் காலையில் 'நான், நான்' என்று சொல்லி முடித்துவிட்டு, மத்தியானம் முட்டை சான்விச்சில் உப்பு குறைவு என்று யோசிக்கிறவளாகிவிட்டாள். அதையிட்டு அவளுக்குக் கவலையும் இல்லை. கவலைப்படுகிற இடமே மரத்துப்போயிருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு புரட்டாதியில் கிளென் என்கிற ஒரு வெள்ளைக்காரர் போன் எடுத்தார். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரும் அவரைப் போல வேலை வெட்டி இல்லாத இன்னும் ஐந்து பேரும், இரவு வானத்தில் விளங்காத வெளிச்சம் கண்டோம் என்று சொல்கிறவர்களைத் தேடிப்போய் விசாரிக்கிறவர்கள். பெரும்பாலும் அது வெள்ளிக் கிரகமாகவோ விமானமாகவோ முடிந்துவிடுமாம். அப்படி முடியாத ஒன்றுக்காகத்தான் மனிதர் பன்னிரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தார். நகரத்தின் கிழக்கே வோபர்னில் ஒரு தமிழ்ப் பெண் வெளிச்சம் கண்டிருக்கிறாள், ஆங்கில வகுப்பில் அவளுக்குப் படிப்பிக்கிறவர்தான் கிளெனின் நம்பரை அவளுக்குக் கொடுத்தவர், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். இப்படியும் ஒரு விசாரணையா என்று வேரோனிக்காவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் சும்மாதானே என்று போனாள்.

பதினான்காம் மாடியில் கதவைத் திறந்தவள் குணவதி, முப்பது வயது இருக்கும். உள்ளே வந்தவுடன் வழக்கமான முதல் கேள்வி, என்ன ஊர் என்பது. குருநகர் என்றதும் குணவதியின் முகம் தெளிந்துவிட்டது. அவள் கொக்குவில். நாலு வருடத்துக்கு முன் வந்தவள். கணவன் இரத்தினவேல் பிறம்ரனில் ஒரு சாமான் கிட்டங்கியில் இரவு வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். மூன்று கிழமைக்கு முன் ஒரு இரவு, பத்தரை மணியளவில், பல்கனியில் காயப்போட்ட உடுப்பை எடுக்கப் போனவள், ஏரிப் பக்கம் ஒஷாவாவுக்கு நேரே நாலு வெளிச்சத்தைக் கண்டிருக்கிறாள். நாலாவது பற்றியதும் நித்திரையில் கிடந்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டுபோய், ஜன்னல் இல்லாத இடம் என்று பாத்ரூமுக்குள் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அங்கேதான் பாய். பொழுதுபட்டால் வீட்டில் ஒரு லைட்டும் போடவிடமாட்டாள். அந்தக் கட்டடத்தில் வேறு ஒருவரும் அப்படி ஒன்றையும் காணவில்லை. இவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று இரத்தினவேல் முடிவுகட்டி, டொக்டரிடம் நாள் எடுத்து வைத்திருந்தான். அவளோ வரமாட்டேன் என்று நின்றாள்.

இவ்வளவையும் குணவதி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நான் கண்டது உண்மையோ பொய்யோ எண்டு இந்த ஐயா சொன்னால் காணும் அன்ரி. பொய்யெண்டால் நான் டொக்டரிட்டைப் போறன்," என்றாள்.

கிளென் படிவத்தை விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கையை நீட்டி முஷ்டியைப் பொத்திப் பிடித்து, வானத்தின் விளிம்பிலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்றார். கால் முஷ்டி என்றாள். நிறம் மஞ்சள் கலந்த வெள்ளை. ஆடி ஆடி மெல்ல இறங்கியது, ஒன்று அணைய முன்னம் அடுத்தது பற்றியது. எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, ஒன்று இருநூறு எண்ணும் மட்டும் நின்றது என்றாள். ஊரில் என்றால் அறுபது எண்ண முன்னம் அணைந்துவிடுமாம். வெளிச்சம் கண்டால் எண்ணவேண்டும். எத்தனையில் அணைந்து எத்தனையில் ஷெல் விழுகிறது என்று தெரிந்தவர்கள்தான் பங்கருக்குத் தப்பி ஓடியவர்கள். கொக்குவில் பெண்ணுக்கு இதை ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இப்படி ஒரு சாட்சியைத் தான் பன்னிரண்டு வருடத்தில் கண்டதில்லை என்று கிளென் பூரித்துப்போனார்.

அப்போதுதான் குணவதி சொன்னாள்: "அது பரா லைட் அன்ரி. ஆமி அடிக்கிற பரா லைட். எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் இஞ்சை அடிக்கினம் எண்டு கேளுங்கோ."

வேரோனிக்காவுக்குத் தெரியாத சாமானா அது? கோட்டையிலிருந்து ஆமி அடிக்கிற பரா லைட், பரஷூட்டில் தொங்கிக்கொண்டு குருநகர் முழுவதையும் பகலாக்கிவிட்டுத்தான் இறங்கும். ஆனால் அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. இந்தச் சொல்லை இந்த மனிதர் காதில் போட்டால் என்ன நடக்கும்? யுத்தத்தில் அடிபட்டு வந்தவள், கண்டதெல்லாம் அவளுக்குக் குண்டாகத் தெரிகிறது என்று கொப்பியை மூடிவிடுவார். விசாரணைகளில் அவள் இதைக் கண்ணால் கண்டிருக்கிறாள். ஒரு தரம் ஹெலி சத்தம் கேட்டு மேசைக்குக் கீழே புகுந்த ஒருவனின் வழக்குக் கோவையில், மனநிலை சரியில்லை என்ற கடிதம்தான் கடைசியில் ஏறியது. ஆகவே வேரோனிக்கா ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சொல்லை விழுங்கினாள். 'அது மிகவும் பிரகாசமான வெளிச்சம், என்னவென்று எனக்குத் தெரியவேண்டும்' என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். கிளென் அதை அப்படியே எழுதினார். குணவதி வேரோனிக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் காப்பாற்றினாளாம். பஸ்ஸில் வரும்போது வேரோனிக்கா அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து ரீவியைப் போட்டதும் அதையும் மறந்துவிட்டாள்.

ஐந்து கிழமை கழித்து கிளென் திரும்பவும் அழைத்தார். விமான நிலையத்துக்கும், காலநிலைப் பலூன் விடுகிறவர்களுக்கும், நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கும் கடிதம் போட்டு ஒவ்வொருவரிடமிருந்தும் இல்லை, இல்லை என்று பதில் வாங்கியிருந்தார். இல்லை என்று வர வர மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கடைசியாக ஒரு தரம் சாட்சியைக் கேட்டுவிட்டால், விளங்காத வெளிச்சம் என்று தங்கள் சஞ்சிகையில் போட்டுவிடலாமாம்.

இந்தத் தடவை கதவைத் திறந்தவன் இரத்தினவேல். டொக்டர் குளிசை கொடுத்திருக்கிறார், இப்போது ஒரு கரைச்சலும் இல்லை, பிள்ளைகள் கட்டிலில் படுக்கிறார்கள் என்று வாசலிலேயே சொன்னான். அவனும் கெட்டவன் இல்லை. இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்து, இருட்டு வீட்டில் தட்டுத்தடுமாறிக் களைத்துப்போன மனிதன். உள்ளே சோஃபாவில் குணவதி இருந்தாள். முகம் ஊதி, கண் பாதி மூடியபடி. சின்னவன் மடியில் ஏறி அவள் கன்னத்தைத் தட்ட, ஆரோ பெற்ற பிள்ளையைப் பார்க்கிறதுபோல அவனைப் பார்த்தாள். கிளென் முதலாவது கேள்வியைக் கேட்டார். வேரோனிக்கா தமிழில் சொன்னாள்.

"நான் ஒண்டும் காணேல்லை," என்றாள் குணவதி.

வேரோனிக்கா அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். கிளென் வெளிறிப்போய், பேனாவை மூடித் திறந்தார். அப்படியென்றால் அந்த முஷ்டிக் கணக்கு, அந்த இருநூறு எல்லாம் என்ன என்று கேட்டார். இவ்வளவு காலமும் விசாரணைகளில் உண்மையைச் சொல்லிக் களைத்தவர்களையும் பொய் சொல்லிப் பிடிபட்டவர்களையும் வேரோனிக்கா கண்டிருக்கிறாள். கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று ஒருத்தி இப்படிக் கைவிட்டதை இதுவரை கண்டதில்லை. முதல் தடவை வந்தபோது தான் ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதாகவும், இந்தப் பெண் சொன்னது ஆமிக்காரர் பரஷூட்டில் இறக்குகிற வெளிச்சம் என்றும் கிளெனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். தன்னுடைய பிழை என்றும் சொன்னாள்.

கிளென் கோபப்படவில்லை. அந்தச் சொல்லை அன்றைக்கே சொல்லியிருந்தால் தான் அடுத்த நாள் காலமையே எங்கே கேட்கவேண்டுமோ அங்கே கேட்டிருப்பேன் என்றார். பிறகு குசினிச் சுவரில் இருந்த போனைக் காட்டி, பாவிக்கலாமா என்று கேட்டார். ஏரியில் காணாமல் போகிறவர்களை விமானத்தில் தேடுகிற பகுதிக்குத்தான் எடுத்தார். காதில் வைத்தபடி கால் மணித்தியாலம் நின்றார். பிறகு ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, படிவத்தின் பின்பக்கத்தில் கிறுக்கினார்.

குணவதி வெளிச்சம் கண்ட அதே இரவு ஒஷாவாவுக்குத் தெற்கே ஏரியில் ஒரு சின்னப் படகு திரும்பி வரவில்லை. தகப்பனும் மகனும். விமானம் போய் பதினொரு பரஷூட் வெளிச்சம் இறக்கித் தேடியிருக்கிறது. விடிய முன்னம் இரண்டு பேரையும் உயிரோடு எடுத்துவிட்டார்கள். குணவதி சொன்ன நேரம் சரி, திசை சரி, ஒரு வெளிச்சத்துக்கு அவள் எண்ணிய இருநூறும் சரி; நாலோடு அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

இரத்தினவேலுக்கு ஆங்கிலம் பாதி விளங்கும். மிச்சத்தை வேரோனிக்கா சொன்னாள். "அப்ப அது இருந்ததுதானோ," என்று அவன் ஒருதரம் கேட்டுவிட்டு, கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்தான். அதன்பிறகு குணவதி கேட்டாள். குளிசையின் பாரத்தில் ஒவ்வொரு சொல்லும் மெதுவாகவே வந்தது.

"ஆளைத் தேடவும் அதை விடுவினமோ?"

விடுவார்கள் என்றாள் வேரோனிக்கா.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அன்ரி," என்றாள் குணவதி. கோபம் இல்லை, மழை பெய்தது என்று சொல்கிறமாதிரித்தான் சொன்னாள். "பரா எண்டது இங்கிலீசுச் சொல்லுத்தானே. நீங்கள் கதைக்கேக்கை அது வருதோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்லை. குருநகர் அன்ரிக்கே இது விசர்க்கதையாத் தெரியுதெண்டால் எனக்கு விசர்தான் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் டொக்டரிட்டைப் போகச் சம்மதிச்சனான்."

வேரோனிக்காவுக்கு முகம் சுட்டது. வெட்கம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளுக்கென்று, வேறு ஒருவருடையதாகவும் இல்லாமல் வந்த ஒன்று அதுதான். அது நன்றாகவே இருக்கவில்லை. தான் அப்படி நினைக்கவில்லை, நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்லப் பார்த்தாள். அவள் காதுக்கே அது நொண்டிச்சாட்டாகக் கேட்டது. அடுத்த முறை டொக்டரிடம் எப்போது போகவேண்டும் என்று கேட்டாள். புதன்கிழமை என்றான் இரத்தினவேல்.

"புதன்கிழமை நான் வாறன் பிள்ளை. வந்து எல்லாத்தையும் சொல்லுறன்."

"வேண்டாம் அன்ரி," என்றாள் குணவதி. "உதுக்கு இங்கிலீசிலை என்ன பேர் எண்டு மட்டும் சொல்லித் தாங்கோ. நானே சொல்லுவன்."

வேரோனிக்கா சொல்லிக் கொடுத்தாள். குணவதி குளிசைப் பெட்டியின் மட்டையைக் கிழித்து, பேனையை இறுக்கிப் பிடித்து, தமிழ் எழுத்தில் எழுதினாள்: பரஷூட் ஃபிளேர். பிறகு அதை வேரோனிக்காவிடம் காட்டாமல், கிளெனைப் பார்த்து வாசித்தாள். அவர் ஓம் என்று தலையாட்டினார்.