துரைமாரிடம் தோற்ற மார்க்கர்

நான் தக்கலையில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், மிஷன் பங்களாவை ஒட்டி ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. மாலையில் என்னோடு ஆட ஒருவர் இரணியலிலிருந்து வருவார். மதராஸ் கிளப் ஒன்றில் மார்க்கராக இருந்தவர். அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு துரைமாரோடு ஆடியவர். ஒல்லியான உடம்பு. வலது கை மட்டும் வேறு யாருடையதோ போலப் பருத்திருக்கும்.

அவர் அடிக்கும் பந்து எப்போதும் என் மட்டையைத் தேடியே வரும். நான் நன்றாக ஆடுவதாக நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வர ஒரு மாதம் ஆயிற்று.

"எனக்கு விட்டுக் குடுக்குதீரா?" என்று கேட்டேன்.

"அதுதானே சாறே எனக்க வேலை. துரை செயிக்கணும். நாம விட்டுக் குடுத்தோம்னு தோணப்பிடாது."

"ஒரு நாளும் ஒழுங்கா ஆடினதில்லியா?"

"ஒரு நாளு ஆடினேன். துரைக்க பெஞ்சாதி பாத்துட்டு இருந்தாவ. 'விட்டுக் குடுக்காம ஆடு'ன்னு துரைதான் சொன்னாரு. ஒரு பாயிண்டும் குடுக்கல. மறுநாளே, இனி வேலைக்கு வரண்டாம்னுட்டாவ."

"அதுபோல என்கிட்ட ஆடும்."

தயங்கினார். பிறகு சர்வீஸ் போட்டார். நாலு பந்தில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பந்தை மட்டும் பார்த்தார்.

அடுத்த பந்து பழையபடி மெதுவாக என் மட்டைக்கு வந்தது. திருப்பி அடித்தேன். "கொள்ளாம் சாறே!" என்று பாராட்டிச் சிரித்தார்.

என்மேல் இரக்கப்பட்டாரா, தன்னைக் கண்டே பயந்துவிட்டாரா என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.