கப்பல் படத்தின் கடைசிக் காட்சி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அப்பா அவுஸ்திரேலியாவுக்குப் படகேறுவதற்கு முந்தின வாரம், மல்லாவியில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று வாங்கி வந்தார். அதற்குள் யாரோ எடுக்க மறந்த ஒரு சீடி இருந்தது. பேசும் படம் வந்த புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளை இங்கிலீசுப் படம். குரல்களெல்லாம் எண்ணெயில் கடுகு போட்டதுபோலப் பொரியும். ஒரு கப்பல், ஒரு மாலுமி, துறைமுகத்தில் அவனுக்காகக் காத்து நிற்கும் ஒருத்தி, நடுவில் ஒரு கொலை.

அப்பா போனபின் ஸ்கந்தபுரத்து வீட்டில் அம்மாவும் நானும்தான். மாதங்கள் போயின, போன் வரவில்லை. வயலிலிருந்து வந்த பின்னேரங்களில் அம்மா அந்தப் படத்தைப் போடச் சொல்வார். கதை சொல்வது என் வேலை. எனக்குத் தெரிந்த இங்கிலீசு நிறங்களும் பழங்களும்தான். ஆனாலும் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. கொலைகாரன் ஒருநாள் சமையற்காரன் என்றேன், மறுநாள் கப்டன் என்றேன்.

"நேற்று வேறை ஆளையெல்லே சொன்னனீ?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

கடைசிக் காட்சி வந்ததும் பாயை விட்டு நகர்ந்து, திரைக்குக் கிட்டப் போய் உட்காருவார். மாலுமியைப் பொலிசார் கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டு வருவார்கள். அவள் ஓடி வருவாள்.

"அவள் என்ன சொல்லுறாள்?"

"கெதியா வந்திடுங்கோ எண்டு."

"அதுக்கு அவர்?"

"வாறன், பயப்படாதை எண்டு."

ஒருநாள் அப்பாவின் தங்கை, என் மாமி, வந்து பார்த்தார். "அவன்ரை கையிலை விலங்கெல்லே கிடக்கு. எங்கை வாறது?" என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அம்மா திரும்பவேயில்லை.

"உங்களுக்கு என்ன விளங்கும் மச்சாள்? பிள்ளை படிக்கிறவள்."

பிறகு என்னிடம், திரும்பப் போடு என்றார். அம்மாவை நம்பவைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

இப்போது நான் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிக்கிறேன். அப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. போன மாதம், அம்மா வயலுக்குப் போயிருந்தபோது, அந்தச் சீடியைத் தனியே போட்டுப் பார்த்தேன். கொலை செய்தது அந்த மாலுமியேதான். கடைசிக் காட்சியில் அவள் மட்டும்தான் பேசுகிறாள். அவன் ஒரு சொல்லும் சொல்வதில்லை. உதடு அசைவதேயில்லை.

அதைக் காண இங்கிலீசு தெரிய வேண்டியதில்லை. அம்மா அந்தக் காட்சியை எப்போதும் திரைக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்துதான் பார்த்தார்.