தேயாத ஜிங்க்

வாயில் மூன்று வாஷர்களைக் கவ்விக்கொண்டு, படகின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடக்கிறாள் ஜிங்கக்கா. வீட்டு விவகாரம் எதையாவது அவளிடம் சொல்லித் தொலைக்க வேண்டுமென்றால் அவள் கணவர் இந்த நேரம் பார்த்துத்தான் வருவார். "எங்க அக்கா வர்றாங்களாம். ஒரு வாரம் இருப்பாங்களாம். நான் சரின்னுட்டேன்." மறுபேச்சு வராது. வாயைத் திறந்தால் வாஷர் மணலில் விழும், அப்புறம் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தைரியம் மனிதருக்கு!

கழிமுகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போகிற படகு அவர்களுடையது. ஓட்டுவது அவர். தண்ணீருக்குக் கீழே இருக்கிற சாமான் அத்தனையும் அவள் பொறுப்பு: திருப்புகிற சுக்கான், தள்ளுகிற விசிறி, இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுக்கானில் முடுக்கியிருக்கும் ஜிங்க் என்கிற துத்தநாகக் கட்டிகள். வருஷத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றித் தேய்ந்த ஜிங்க்கைக் கழற்றிப் புதிதை மாட்டுவாள். ஊரார் படகுகளுக்கும் அவள்தான். அதனால்தான் அந்தப் பெயர்.

எதற்கு இந்தக் கட்டி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவாள். "உப்புத் தண்ணிக்கு எதையாவது தின்னுட்டே இருக்கணும். சும்மா விட்டா போல்ட்டைத் தின்னும், விசிறியைத் தின்னும். அதான் இதைத் தின்னுக்கோன்னு முன்னாடி வெச்சிடறோம். இது கரையக் கரைய மத்தது பிழைக்கும்." அப்படிக் கரைந்து, ஓட்டையும் பள்ளமுமாகப் போன பழைய கட்டி ஒன்று அவள் சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுக்கிறது. நல்லபடியா வேலை பார்த்த ஜிங்க்காம், தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

போல்ட்டைச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பாள். கணீரென்றால் சரி, டொக்கென்றால் கழற்றியே தீர வேண்டும். இந்தப் பழக்கம் உறவினர் வீட்டுக்குப் போனாலும் விடாது. காபி வருவதற்குள் வாசல் கேட்டின் கீலைத் தட்டிப் பார்த்து, "இது இன்னொரு மழைக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு வருவாள். இறுகிப்போன நட்டுகளிடம் பேசவும் செய்வாள். "வர மாட்டியா நீ? எங்க மாமியாரையே வழிக்குக் கொண்டாந்தவ நான்."

அவள் கணவருக்கு இதெல்லாம் கைவராது. அவருக்குக் கைவந்தது பெயிண்ட். பிரஷ்ஷை எடுத்தால் ஒரு சொட்டு கீழே சிந்தாது. நூல் பிடித்த மாதிரி கோடு போடுவார். போன வருஷம் ஜிங்கக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டு. "நீ பேசாம வீட்ல இரு, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று அவர் தனியாகவே ஜிங்க்கை மாட்டி, அடிப்பாகம் முழுக்கப் பெயிண்ட் அடித்து, அவள் எட்டிப் பார்ப்பதற்குள் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அவளும் அன்றைக்கு உருகித்தான் போனாள்.

இந்த வருஷம் படகு கரையேறியதும், அதை இழுத்தேற்றும் வின்ச்சை இயக்குகிறவர்தான் முதலில் கத்தினார். "அடேங்கப்பா! ஜிங்க் போட்ட மாதிரியே இருக்கு! அண்ணன் கைராசிக்காரர்யா!"

"பின்ன? யார் போட்டது?" என்றார் படகுக்காரரான அவள் கணவர், மீசையைத் தடவியபடி.

ஜிங்கக்கா சுக்கானருகே குனிந்தாள். கரையாத ஜிங்க் என்றால் வேலை செய்யாத ஜிங்க். நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட் பெயர்ந்து வந்தது. மனிதர் ஜிங்க்கையும் விடாமல், அழகாக, இரண்டு பூச்சு அடித்திருக்கிறார்! தண்ணீர் அதை எப்படித் தின்னும்? சுக்கான் போல்ட்டைத் தட்டினாள். டொக். அடுத்ததும் டொக். ஸ்பேனரை வைத்து லேசாகத்தான் திருகினாள், தலை தனியே கையோடு வந்துவிட்டது. உள்ளே பித்தளையின் மஞ்சளே இல்லை. வெளிறிய ரோஸ் நிறத்தில், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

சட்டென்று அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் இன்னும் கைராசிக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் மறுபடி ஒருநாள் அவள் படுத்துவிட்டால், இதே பிரஷ், இதே அன்பு. படகில் தினமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

"என்னங்க, இங்க வாங்க. கையை நீட்டுங்க."

நீட்டினார். "என்னது இது?"

"சுக்கான் போல்ட்டு. ஜிங்க் மேலயும் பெயிண்ட் அடிச்சிட்டீங்க. மூடிட்டா அது வேலை செய்யாதுங்க. தண்ணி இதைத் தின்னுடுச்சு."

வின்ச்காரர் சிரிக்க வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் கயிற்றைச் சுற்றப் போய்விட்டார்.

படகுக்காரர் கட்டையின் மேல் உட்கார்ந்தார். உள்ளங்கையில் கிடந்ததைக் கட்டைவிரலால் அழுத்தினார். தூளானது. "அவ்வளவு பிள்ளைங்கள ஏத்திட்டுப் போனேனே. நடுத் தண்ணில இது விட்டிருந்தா?" கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நான் இனிமே இதைத் தொட மாட்டேம்மா. ஓட்டவும் வேற ஆளைப் பாரு."

"ஆமா, நீங்க இப்படி உட்கார்ந்தா போல்ட்டு தானா முளைக்கும்! போய் ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க." அதட்டல் பெரிதாக வந்தது. உள்ளுக்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. ஏறுகிற கிழவிக்குக் கால் நனையக் கூடாதென்று இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடிக்கிற மனிதர். அவர் ஓட்டாத படகை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் வேலை. போல்ட் ஒன்று பாக்கியில்லாமல் மாற்றினாள். விசிறி பிழைத்திருந்தது. ஜிங்க் உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, புதுக் கட்டிகளை முடுக்கினாள். அவள் கேட்டதை அவர் எடுத்துக் கொடுத்தார். படகை மட்டும் தொடவில்லை.

கடைசியில் பெயிண்ட் அடிப்பது மட்டும் மிச்சமிருந்தது. டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை நீட்டினாள்.

"நீயே அடிச்சிடு."

"நான் அடிச்சா திட்டுத் திட்டா இருக்கும். ஊரே சிரிக்கும்."

"மறுபடியும் அது மேல பட்டுட்டா?"

"அக்கா, ஜிங்க் மேல டேப்பை ஒட்டிடுங்களேன்" என்று வின்ச்காரர் தூரத்திலிருந்து யோசனை சொன்னார்.

"டேப்பு தீந்து போச்சு. நீ உன் வேலையைப் பாரு."

புது டேப் சுருள் அவள் பையில்தான் இருந்தது. அவள் சுக்கானருகே குந்தி உட்கார்ந்து, ஜிங்க்கின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பொத்திக்கொண்டு, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு டப்பாவின் விளிம்பில் பிரஷ்ஷை வழிப்பது கேட்டது. பெயிண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. ஈரமாக அவள் சுண்டுவிரலின் ஓரத்தைத் தொட்டு நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. விரலை ஒட்டியே, நூல் பிடித்த மாதிரி, அவர் கோடு போட்டுக்கொண்டு போனார்.