டீயில கலந்த மாத்திரை

அவளுக்குப் புருஷன் வெச்ச பேரு கத்தி. "கடையில இருக்கறதைத்தான் தீட்டணும், வீட்டுல இருக்கறதுக்கு அது தேவையே இல்ல"ன்னு தன் சலூனுக்கு முடி வெட்டிக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அவளும் சளைச்சவ இல்ல. சொந்தக்காரங்க வீட்டுல "சோறு குழைஞ்சுபோச்சு"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு, ரெண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிடுவா. அப்படிப்பட்டவ ஒண்ணை மட்டும் மறைச்சா.

நின்னு நின்னே அவருக்கு முட்டி ஜவ்வு தேஞ்சுபோச்சு. ஸ்டூல்ல உக்காந்து வெட்டிப் பார்த்தாரு. ஒருத்தருக்குக் கிருதா ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. கடையை மூடினா மனுஷன் முடங்கிடுவாரு.

டாக்டரம்மா ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பாக்கலாம்னாங்க. இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டுப் பிரிச்சு, முட்டியில ஏத்துறது.

"கேட்டுடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். போட்டதும் வீங்கும், வலிக்கும். உள்ள வேலை நடக்க அந்த வீக்கம் வேணும். இதுவரைக்கும் போட்டுக்கிட்டிருந்த வலி மாத்திரை மட்டும் வேண்டாம், அது வீக்கத்தை அமுக்கிடும். தாங்கலைன்னா எனக்கு போன் பண்ணுங்க."

ஊசி போட்டு வந்த மனுஷன் தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. அவளுக்குப் பாக்க முடியல. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கலாம். 'வலி என்ன அவங்க முட்டியிலயா?'ன்னு நினைச்சுட்டா. டப்பாவுல மிச்சம் கிடந்த மாத்திரையை நுணுக்கி, டீயில போட்டு, கசப்பு தெரியாம சர்க்கரையைத் தூக்கலாப் போட்டுக் குடுத்தா. அவர் அசந்து தூங்கினாரு. மறுநாளும் போட்டா. அதுக்கு மறுநாளும்.

மாசங்கள் ஓடியும் முட்டி தேறல.

"வலி மாத்திரை ஏதாவது எடுத்தீங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"சத்தியமா இல்லம்மா, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இவளைக் கேளுங்க. இவளுக்குப் பொய் சொல்லவே வராது."

"நான்தான் குடுத்தேன். டீயில கலந்து."

அவர் திரும்பிப் பாக்கல.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டாங்க. "அதனாலதான்னு சொல்ல முடியாது, தேய்மானமே ஜாஸ்தி. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது."

"அப்ப கடை?"ன்னு அவர் கேட்டாரு.

"நின்னு செய்யற வேலை இனிமே வேண்டாம்."

ஆட்டோவுல அவளாலயே தாங்க முடியல. "ஏதாவது திட்டுங்களேன்."

"உன் அளவுக்கு எனக்கு வராது."

வீட்டுக்கு வந்ததும் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு அடுப்படிக்குப் போனாரு.

"நான் போடறேங்க."

"வேண்டாம். உக்காரு."

பால் பொங்குற வரைக்கும் ஒத்தக் கால்ல நின்னு, ரெண்டு டம்ளர்ல ஊத்தி, ஒண்ணை அவ முன்னாடி வெச்சாரு.

"சர்க்கரை கம்மியாத்தான் இருக்கும். எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல."



அன்னையில இருந்து காலை டீ அவரே போடறாரு. அவ அடுப்படி வாசல்லயே நின்னு, அவர் ஊனாம தூக்கி வெச்சிருக்கிற அந்தக் காலையே பாத்துக்கிட்டு இருக்கா.