நாலாம் லாயத்துப் பெருக்கல் குறி

இது நான் கட்டிய கதை இல்லை. கதை கட்டுகிற அளவுக்குப் படிப்பும் இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நானும் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை.

குதிரை ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷ வேலை. அறுவை முடிந்த குதிரைகளைத் தேற்றி நிறுத்துவதுதான் என் பிழைப்பு. அன்று நாலாம் லாயத்தில் நின்றது, தாயில்லாத குட்டியாக வந்து என் கையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த செவலைப் பெட்டைக் குதிரை. குடல் முறுக்கி, வயிற்றைக் கிழித்துத் தைத்து இரண்டு நாள். தையல் பரவாயில்லை. ஆனால் முன்னங்கால் குளம்புகள் கொதித்தன. உள்ளே வீங்கினால் குளம்பே கழன்றுவிடும்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார்.

“பெரியவரே, காலைல ஆறு மணிக்கு வருவேன். நாலு எட்டு வச்சாப் பார்க்கலாம். இல்லேன்னா ஊசி போட்டு முடிச்சுடலாம். வலியில துடிக்குது, பாவம்.”

“உங்களுக்கு எடுத்ததுக்கெல்லாம் ஊசிதான். ஐஸ் மட்டும் நேரத்துக்கு அனுப்புங்க.”

“ரெண்டு ராத்திரியா முழிச்சிருக்கீங்க. தூங்கிடப் போறீங்க.”

“செத்தாத்தான் தூங்குவேன். போங்கம்மா.”

அரை மணிக்கு ஒருமுறை செவலையின் கால் உறைகளில் ஐஸ் நிரப்ப வேண்டும். குளம்புக்கு மேலே, கணுவில், இரண்டு விரல் வைத்துத் துடிப்புப் பார்த்துச் சுவர்ப்பலகையில் மணி போட்ட கட்டத்தில் குறிக்க வேண்டும். எனக்கு எழுத்து வராது, கோடுதான். மூன்று கோடு என்றால் துடிப்பு பலம், ஆபத்து. ஒரு கோடு என்றால் லேசான துடிப்பு, நல்லது. துடிப்பே இல்லையென்றால் பெருக்கல் குறி. அந்தக் கால் செத்துவிட்டது.

இந்தக் கோட்டுக் கணக்கு எனக்கும் மொட்டைக்கும் மட்டும்தான் தெரியும். மொட்டை என் கூட்டாளி. இதே நாலாம் லாயத்தில் குதிரையிடம் உதைபட்டுச் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

மணி 1.00. மூன்று கோடு. அவள் உடம்பெல்லாம் நடுங்கியது.

“விட்றாத கண்ணு... விடியிற வரைக்கும் நில்லு.”

1.30. மூன்று கோடு.

என் இடது கால் மரத்திருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வயசு என்று விட்டுவிட்டேன். நனைந்த பூட்ஸைக் கழற்றினேன். எந்தக் குதிரைக்காரனும் செய்யக்கூடாததைச் செய்தேன். லாயத்துக்குள்ளேயே, வைக்கோலில் காலை நீட்டிச் சாய்ந்தேன். ஒரே நிமிஷம் என்றுதான்...

விழித்தபோது விளக்கு இல்லை.

சளக்... சளக்... யாரோ ஐஸ் கொட்டுகிறார்கள்.

“யாரது?”

சத்தம் நின்றது. வைக்கோல் சரசரத்தது. என் பக்கம்.

என் வலது கணுவில் இரண்டு விரல்.

ஈரம். ஐஸ் மாதிரிக் குளிர்.

துடிப்பு எண்ணுகிற பிடி. எனக்குத் தெரியாதா அந்தப் பிடி?

பதினைந்து விநாடி. விட்டது.

இடது கணு.

பதினைந்து... முப்பது... அறுபது...

விடவில்லை.

தேடியது.



கிரீச்... பலகையில் சாக்பீஸ்.

விளக்கு எரிந்தது. மணி 4.10. யாரும் இல்லை. நான் போட்ட உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அவள் கால் உறைகளில் ஐஸ் தளும்பியது. பலகையில் 2.00, 2.30, 3.00, 3.30, 4.00, ஒன்றும் விடாமல் கோடுகள். மூன்று, இரண்டாகி, ஒன்றாகியிருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். நிஜம்தான். லேசான துடிப்பு.

அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, இன்னும் இரண்டு குறி.

ஒரு கோடு.

பக்கத்தில் பெருக்கல்.

ஆறு மணிக்கு அவள் ஆறு எட்டு நடந்தாள். டாக்டரம்மா கைதட்டினார்.

“ஊசி உங்களுக்குத்தான் போடணும் போல. ஆளே வெளுத்துட்டீங்க!”

பெருக்கல் குறியை முன்பே சட்டைக் கையால் அழித்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் நானே கிறுக்கியிருப்பேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் என் இடது கால் கட்டைவிரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கணுவில் இரண்டு விரல் வைத்தார். வெகுநேரம் தேடினார்.

“இங்க துடிப்பே இல்லியே ஐயா. எத்தனை நாளா இப்படி?”

எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செவலை நன்றாக இருக்கிறாள். ஓடுகிறாள் என்றார்கள்.

நேற்று ராத்திரி, என் வீட்டில், என் கட்டிலில், சரியாக 4.10க்கு விழிப்பு வந்தது.

வலது கணுவில் இரண்டு விரல். ஈரமாக.

பதினைந்து... முப்பது... அறுபது...

விடவில்லை.