வளைவில் ஓர் உறுமல்

டெப்போவில் அவருக்கு உறுமல் என்று பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ. அவர் ஓட்டும் பஸ் மேட்டுத் தெருவில் ஏறி, வளைவில் இருக்கும் மாடி வீட்டைத் தாண்டும்போது, வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்ஜினை உறும வைப்பார். அந்த வீட்டில்தான் அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருப்பாள்.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரு சண்டை. என்ன சண்டை என்று இப்போது கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. வாய் திறந்து மன்னிப்புக் கேட்க மனம் வராதவர், மறுநாள் அந்த வளைவில் இன்ஜினை உறும விட்டார். ஜன்னலில் அவள் சிரித்த முகம் தெரிந்தது. விடுவாரா மனுஷன்? பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கென்று வெளியூர் போன பிறகும் அந்த உறுமல் நிற்கவில்லை.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. தூசி என்றார்கள், குளிர் என்றார்கள். கடைசியில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவே மூச்சு வாங்கியது. டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "வீடு ரோட்டோரமா?" என்றார்.

"ஆமாங்க. பஸ் போற ரோடு," என்றார் உறுமல்.

"அந்த ஜன்னல மூடியே வைங்க. மேட்டுல ஏறும்போதுதான் வண்டி அதிகமா புகை கக்கும். அதைத்தான் இவங்க இத்தனை வருஷமா உள்ள இழுத்திருக்காங்க."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் திரையைக் கழற்றி வாளியில் முக்கினார். தண்ணீர் மை மாதிரி கறுத்தது. ஆசை ஆசையாக அனுப்பியது இதைத்தானா என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் உறுமாமல்தான் போனார். ஆனால் மேடு சும்மா விடுமா? பஸ் கறுப்பாகக் கக்கிக்கொண்டுதான் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே எகிறினார். "டாக்டர் சொன்னது காதுல விழலையா உனக்கு?"

"மூடினா... நீங்க போறது... கேக்காதே," என்றாள் அவள், மூச்சுக்கு நடுவே. அதற்கு மேல் அவரால் கோபப்பட முடியவில்லை.

உண்மையில் அந்த வழித்தடத்துக்கு மின்சார பஸ் எப்போதோ வந்திருக்க வேண்டும். எங்கோ எண்ணெய்க் கப்பல் தாமதமாகி, டீசல் இல்லாமல் பாதி பஸ்கள் டெப்போவிலேயே படுத்துக்கிடந்த நாளிலிருந்து மேலாளர் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஓட்டப் பழக டிரைவர்கள் முன்வந்தால்தான் பஸ் கிடைக்கும். ஒருவரும் முன்வரவில்லை. காரணம் யார்? நம் உறுமல்தான். "அது பஸ்ஸாய்யா? சக்கரம் வச்ச செல்போன்! சத்தமே இல்லாத வண்டிய ஓட்டறதுக்கு வீட்டுல படுத்துத் தூங்கலாம்" என்று அவர் அடித்த கிண்டலில் ஆசைப்பட்டவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது அவரே ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். "நான் பேசினது தப்புப்பா. வாங்க, பழகிக்கலாம்."

"என்னண்ணே, திடீர்னு பல்டி?" என்று சிரித்தார்கள்.

"வீட்டுல அவளுக்கு மூச்சு விட முடியலப்பா. நம்ம புகைதான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த வாரமே ஆட்கள் சேர்ந்தார்கள்.

பயிற்சியில் மற்றவர்களெல்லாம் தேறிவிட்டார்கள். மூக்குடைபட்டது உறுமல் மட்டும்தான். மின்சார பஸ்ஸில் கிளட்ச் கிடையாது. இது அவருக்குத் தெரியும், அவருடைய இடது காலுக்குத் தெரிய வேண்டுமே! அது கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பின்னால் நின்ற பயிற்சியாளர் அம்மா கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயா, என்னைக் கண்ணாடி வழியா வெளிய அனுப்பறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்றார். உறுமல் அசடு வழிந்தார். அவர் கூட்டி வந்தவர்கள் மேட்டுத் தெருவில் புகையில்லாமல் ஏறிக்கொண்டிருக்க, அவருக்கு டெப்போவில் பஸ் கழுவுவதை மேற்பார்வை பார்க்கும் வேலை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் அவள் படுத்ததும் தூங்கிவிடுகிறாள், விடியும்வரை இருமி எழுந்து உட்காருவதில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் வெட்கமாவது ஒன்றாவது.

ஒருவழியாக இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளப் பழகி, அவரும் தேறினார். முதல் நாள். வளைவில் ஒரு சரக்கு வண்டி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால், பஸ் சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழேயே நிற்கவேண்டி வந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு மனசு என்னவோ போலிருந்தது. தான் வந்திருப்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? ஹாரனை நோக்கிக் கை போனது.

அப்போது மேலேயிருந்து அவள் குரல் கேட்டது. எதிர் வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்க ஓட்டினா தெரியாதுதான், இல்லேங்கல. ஆனா எங்க வீட்டுக்காரர் இந்த வளைவுல வந்தா எனக்குத் தெரியாமப் போயிடுமாக்கும்? பஸ் எவ்வளவு ஊமையா இருந்தாலும் சரி, நான் இங்க உட்கார்ந்தபடியே சொல்லிடுவேன், நீ வேணா பாரேன்!"

தினமும் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். உறுமல் சிரிக்கவில்லை. அவ்வளவு நீளப் பேச்சில் அவள் ஓரிடத்தில்கூட இருமவில்லை. சரக்கு வண்டி விலகி வழி விட்ட பிறகும், ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் இன்னும் ஏதாவது பேச மாட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தார்.