மூடாமல் விட்ட டிஸ்க்

எங்கள் லிங்கராஜபுரத்துக் கோயிலில் கல்யாணம், ஞானஸ்நானம் எது நடந்தாலும் வீடியோ எடுப்பவர் ரெமிஜியஸ் அண்ணன். வாரம் முழுக்க பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை தோளில் கேமரா.

என் மகள் கேரலுடைய ஞானஸ்நானத்தை டிவிடியில் பதிந்து கொடுத்தவரும் அவர்தான். அப்போது வீட்டில் பிளேயர் இல்லாததால் பத்திரமாக எடுத்து வைத்திருந்தோம்; அவள் கல்யாணம் நெருங்கியபோதுதான் அதை முதல்முறையாகப் போட்டுப் பார்த்தோம். எந்த பிளேயரிலும் ஓடவில்லை. லேப்டாப் அதைக் காலி டிஸ்க் என்றது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“என்னண்ணா, வெறும் டிஸ்க்கைக் குடுத்து ஏமாத்திட்டீங்களே!”

“கத்தாதம்மா. அதுல பாதி இடம் மிச்சம் இருந்துச்சு. ஃபைனலைஸ் பண்ணி மூடிட்டா அப்புறம் எதையும் சேக்க முடியாது. மூடலைன்னா பதிஞ்ச மெஷினைத் தவிர வேற எதுலயும் ஓடாது. கேரல் கல்யாணத்தையும் இதுலயே ஏத்தலாம்னு விட்டு வெச்சேன். உங்கிட்ட சொல்லத்தான் மறந்துட்டேன்.”

பழைய ரெக்கார்டரை மூடியிருந்த துணியை விலக்கி, டிஸ்க்கைப் போட்டார். ஃபாதர் தண்ணீர் ஊற்ற, கைக்குழந்தை கேரல் வீரிட்டு அழுதாள். என் கோபமெல்லாம் எங்கே போனதோ. ஊரே தூக்கிப் போட்டுவிட்ட மெஷினை இந்த மனுஷன் இத்தனை வருஷமாக எங்களுக்காகப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்.

கல்யாணம் முடிந்ததும் அதையும் சேர்த்து, மூடிக் கொடுத்தார். இப்போது எதில் போட்டாலும் ஓடுகிறது. அழுகிற குழந்தை அடுத்த நொடியே மாலையோடு நிற்கிறாள்.

“நல்லா இருக்கணும்ணா நீங்க. இனிமே அந்த மெஷினுக்கு ரெஸ்ட் குடுங்க” என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. ஒரு புது டிஸ்க்கை எடுத்து, அதன்மேல் ‘கேரலோட குழந்தை ஞானஸ்நானம்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.